தேரும் சேம அச்சும்: மூத்தோர் தந்த ஊர்தியை மீட்கும் இளையோர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழா உரை)



இலக்கிய வட்டம் ஒன்றின் விழாவில் பழைய மகிழுந்தைப் பழுது பார்ப்பது குறித்து உரை நிகழ்த்துவது பொருந்துமா என்னும் ஐயம் எழுவது இயல்பே. வெண்பாவையும் விருத்தத்தையும் பற்றிப் பேச வேண்டிய மேடையில் பிஸ்டனுக்கும் பிரேக்குக்கும் என்ன வேலை என்று கேட்போரும் உண்டு. ஆயினும் ஊர்தியைப் பாடுவது தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று. சங்கப் பாடல்களில் தேர் வராத திணை அரிது. தேரைச் செய்தவனையும் செலுத்தியவனையும், அது சேற்றில் அழுந்திய வேளையையும்கூடப் புலவர்கள் கூர்ந்து நோக்கியிருக்கின்றனர்.

ஔவையார் கண்ட இரு பொருள்கள்

புறநானூற்றின் 87ஆம் பாடலில் ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியின் ஆற்றலைப் பகைவர்க்கு எடுத்துரைக்கிறார். அதற்கு அவர் தேடிப் பிடிக்கும் உவமை ஒரு சக்கரம். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்து முடிக்கும் கைவன்மை உடைய தச்சன் ஒருவன், ஒரே ஒரு சக்கரத்துக்காக ஒரு திங்கள் முழுவதையும் செலவிட்டால் அச்சக்கரம் எத்தகையதாக இருக்கும்? அத்தகையவன் எங்கள் தலைவன் என்கிறார். திறமை மிக்கவன் காலம் எடுத்துக்கொண்டால் அது சோம்பல் அன்று என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

அதே ஔவையார் 102ஆம் பாடலில் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியைப் பாடுகிறார். அங்கும் உவமை ஊர்தியின் உறுப்பே. எருதுகளோ இளையவை, நுகம் பழகாதவை. வண்டியிலோ சுமை மிகுதி. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேருமோ என்று எண்ணும் உப்பு வணிகர், வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டி வைப்பர். அதுவே சேம அச்சு. ஓடும் அச்சு முறிந்தால் உதவுவதற்கு அணியமாக இருப்பது. அத்தகையவன் நீ என்று அவ்விளைஞனைப் பார்த்துக் கூறுகிறார்.

தந்தைக்குச் சக்கரம், மகனுக்குச் சேம அச்சு. இவ்விரு உவமைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில் மரபுரிமை பற்றிய ஒரு கருத்து புலனாகிறது. மூத்த தலைமுறை செய்து முடித்த பொருளாக ஓடிக்கொண்டிருக்கிறது. இளைய தலைமுறை அதன் அடியில், எவர் கண்ணிலும் படாமல் கட்டப்பட்டுக் கிடக்கிறது. முறிவு நேரும் நாளில்தான் அதன் தேவை தெரிய வருகிறது. மூத்தோர் விட்டுச் சென்ற பழைய மகிழுந்தைக் கையில் எடுக்கும் இன்றைய இளைஞரை இந்தச் சேம அச்சாகவே காணலாம்.

சென்னையில் பிறந்த ஹெரால்டு

விடுதலைக்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலம் இந்தியச் சாலைகளில் பெரிதும் காணப்பட்ட மகிழுந்துகள் மூன்று குடும்பத்தைச் சேர்ந்தவை. வங்கத்தின் உத்தர்பாராவில் செய்யப்பட்ட அம்பாசிடர் ஒன்று. பம்பாயில் செய்யப்பட்டு, பின்னாளில் பிரீமியர் பத்மினி எனப் பெயர் பெற்ற பியட் மற்றொன்று. மூன்றாவது, சென்னையை அடுத்த வண்டலூர், பெருங்களத்தூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் மகிழுந்து. இம்மூன்றனுள் தமிழ் மண்ணில் உருவானது இதுவே. அந்நிறுவனம் 1961 முதல் 1971 வரை உருவாக்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பார்ப்போர் கண்ணைக் கவரும் சிறிய ஊர்தியாகும்.

இதன் மூலம், 1959இல் பிரிட்டனில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு. அதன் வடிவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கேலொட்டி. 948 சி.சி. அளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின் அதில் இருந்தது. அக்காலத்தில் பிற நிறுவனங்கள் உடலும் சட்டமும் ஒன்றாகிய ஒற்றைக் கூட்டு முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டோ தனிச் சேஸிஸ் சட்டத்தின்மேல் உடற்பகுதிகளைத் துண்டு துண்டாக நட்டும் போல்ட்டும் கொண்டு பூட்டும் பழைய முறையைக் கைக்கொண்டது. அதன் முகப்பு மூடி இரு பக்கச் சக்கர வளைவுகளோடும் சேர்ந்து ஒரே பொருளாக முன்னோக்கிக் கவிழும். மூடியைத் திறந்தால் எஞ்சினும் முன் சக்கரங்களும் முழுமையாகக் கண்முன் நிற்கும். பழுது பார்ப்பவர் முன் சக்கரத்தின் மீதே அமர்ந்து வேலை செய்யலாம். பழுது கற்க வருவோர்க்கு இதைவிட எளிய அரிச்சுவடி இல்லை எனலாம்.

அந்நாளில் மகிழுந்து வாங்குவது எளிதன்று. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, உற்பத்திக்கு உரிமம், பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருத்தல். எனவே வாங்கிய வண்டியை இரண்டு தலைமுறைக்கு வைத்துக்கொள்வது இயல்பாயிற்று. 1983 டிசம்பரில் மாருதி வெளிவந்ததும் இந்நிலை மாறத் தொடங்கியது. 1988இல் ஸ்டாண்டர்டு ஆலை உற்பத்தியை நிறுத்தியது. அம்பாசிடர் 2014 வரை நீடித்தது. ஆலை நின்ற பின்னும், வீட்டுக் கொட்டகையில் வண்டி நின்றது. அந்தக் கொட்டகைகளில்தான் இன்றைய இளையோரின் வேலை தொடங்குகிறது.

ஒரு மருத்துவரின் வண்டி

காவிரிக் கரையில் கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூர். அங்கே எல்.எம்.பி. படித்த மருத்துவர் ஒருவர் 1965இல் ஒரு ஹெரால்டு வாங்கினார். சுற்றுப்புறத்து ஊர்களில் அதற்கு ‘டாக்டர் வண்டி’ என்றே பெயர். பேறுகால வேதனையில் இருந்த பெண்களை இரவு நேரத்தில் கும்பகோணம் மருத்துவமனைக்குச் சுமந்து சென்ற வண்டி அது. வாய்க்கால் கரையில் அதன் விளக்கு வெளிச்சம் தெரிந்தால், எந்த வீட்டில் யாருக்கு என்னவோ என்று ஊர் விழித்துக்கொள்ளும். 1991இல் முதுமையால் அவர் வண்டியை நிறுத்தினார், 1999இல் மறைந்தார். அதே ஆண்டு பிறந்த பேரன், 2019இல் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பட்டயப் படிப்பை முடித்துவிட்டு அந்தக் கொட்டகையைத் திறந்தார்.

உள்ளே இருந்ததை வண்டி என்று சொல்வது கடினம். இருக்கைகளில் எலிகள் குடும்பம் நடத்தின. தரைத் தகடு துருவேறிச் சல்லடையாகி இருந்தது. எஞ்சின் அசையவில்லை. காயலான் கடைக்காரர் வந்து பார்த்தார். ஏறத்தாழ 800 கிலோ எடையுள்ள அந்த ஊர்திக்கு இரும்பு விலையே சொன்னார். வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றிருந்த தந்தையார் அவ்விலைக்கு இசைந்தும் விட்டார். “ஒரு வருஷம் பொறுங்கப்பா. ஓடலேன்னா நானே கொண்டுபோய்ப் போடுறேன்” என்று மகன் கேட்டுக்கொண்டார். தந்தையார் மறுக்கவில்லை, ஆனால் கொட்டகைப் பக்கம் வரவும் இல்லை.

அந்த ஓராண்டு நான்கு ஆண்டுகளாயிற்று. 2020இன் ஊரடங்கு வேறு வேலை எதற்கும் வழியின்றி அவரைக் கொட்டகையிலேயே இருத்தியது.

பழுது பார்த்தலின் படிநிலைகள்

இறுகிய எஞ்சினை இயக்குவதற்குப் பட்டறைகளில் ஒரு முறை உண்டு. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகள் வழியே டீசல் கலந்த எண்ணெயை ஊற்றி, நாள்கணக்கில் ஊறவிடுவர். பின்னர் கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பானரை மாட்டி, மயிரிழை அளவு முன்னும் மயிரிழை அளவு பின்னும் அசைத்துப் பார்ப்பர். வலிந்து திருப்பினால் பிஸ்டன் வளையங்கள் முறியும். அவ்விளைஞர் மூன்று வாரம் நாள்தோறும் காலையும் மாலையும் எண்ணெய் ஊற்றினார். ஒரு மாலையில் புல்லி அரை அங்குலம் நகர்ந்தது. ஒரு திங்கள் எடுத்துக்கொண்ட தச்சனை இங்கு நினைவுகூர்வது தகும்.

எஞ்சினைப் பிரித்தபின் செய்தவை பல. தேய்ந்த சிலிண்டர்களை லேத் பட்டறையில் கடைந்து அகலப்படுத்தி, அதற்கேற்பச் சற்றே பெரிய பிஸ்டன்களைப் பொருத்த வேண்டியிருந்தது. கிராங்க் தண்டைச் சாணை பிடித்து, அது எவ்வளவு மெலிந்ததோ அவ்வளவுக்குத் தடித்த பேரிங்குகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. பிரேக் உருளைகளின் ரப்பர்க் கிண்ணங்கள் கல்லாகியிருந்தன. சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிப் பாகக் கடைகளில் சில கிடைத்தன. டிரையம்ப் ஹெரால்டுக்கான பாகங்கள் பிரிட்டனில் இன்றும் விற்கப்படுவதால் சில அங்கிருந்து வந்தன. எங்கும் கிடைக்காதவற்றைக் கோயம்புத்தூரில் வார்த்துக் கடைந்து பெற்றனர்.

ஒரு நுட்பம் குறிப்பிடத்தக்கது. பழைய எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக உருவானவை. எரிபொருளில் இருந்த ஈயம் புகைபோக்கி வால்வின் இருக்கையில் மெல்லிய படிவமாகத் தங்கி, அதைத் தேயாமல் காத்தது. ஈயத்தின் நச்சுத்தன்மை கருதி 2000ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. எனவே பழைய எஞ்சினைப் புதுப்பிப்போர் வால்வின் இருக்கையில் கடினமான எஃகு வளையத்தை இறக்குகின்றனர். 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தபின், அதைத் தாங்கக்கூடிய புதிய ரப்பர்க் குழாய்களும் தேவையாயின. இவை வெளியே தெரியாத மாற்றங்கள். வண்டியின் வடிவமும் ஓசையும் மாறுவதில்லை. இன்றைய காற்றிலும் இன்றைய எண்ணெயிலும் அது உயிர்வாழ்கிறது.

ஏட்டைப் படித்தவரும் தகட்டைப் படித்தவரும்

இவ்விடத்தில் தமிழ்ப் பதிப்பு வரலாற்றை ஒப்பிடுவது பொருந்தும். அதே கும்பகோணத்தில்தான், 1880இல் சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணி ஏட்டைக் கையில் எடுத்தார். ஏழாண்டுகள் கழித்து 1887இல் அது அச்சு நூலாயிற்று. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருப்பதில்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் காணப்படுவதில்லை. அடிகள் பிரிக்கப்படுவதில்லை. பதிப்பாசிரியர்கள் புள்ளியிட்டனர், நெடில் காட்டினர், அடி பிரித்தனர். சொல்லை மாற்றாமல், இன்றைய கண் படிக்கும்படி செய்தனர். வால்வு இருக்கையில் எஃகு வளையம் இறக்குவதும் இதுபோன்ற பணியே.

இன்னோர் ஒப்புமை இதனினும் முதன்மையானது. 1894இல் புறநானூறு அச்சேறியபோது ஏடுகளில் சிதைந்துபோன இடங்கள் பல இருந்தன. 267, 268 ஆகிய இரு பாடல்களும் கிடைக்கவே இல்லை. புலமை மிக்க அப்பதிப்பாசிரியர்க்கு அவ்விடங்களைத் தம் சொற்களால் நிரப்புவது அரிதன்று. யாப்பும் பொருளும் பொருந்தும்படி, எவரும் ஐயுறாதபடி, இரு பாடல்களை இயற்றிச் சேர்த்திருக்கக்கூடும். அவர் அதைச் செய்யவில்லை. சிதைந்த இடம் சிதைந்த இடமாகவே புள்ளிகளோடு நின்றது. எண்கள் வெற்றெண்களாக நின்றன. அந்த வெற்றிடத்தாலேயே மீதமுள்ள பாடல்களின்மேல் கற்பவர்க்கு நம்பிக்கை பிறக்கிறது.

ஹெரால்டின் கதவோரத்தை உப்புத் தாளால் தேய்த்த இளைஞர்க்கு இதே வினா எழுந்தது. மேலே வெள்ளை; அதன் கீழ்ப் பச்சை; அடியில் இளநீலம். எந்த நிறம் உண்மையான நிறம்? ஆலையிலிருந்து வந்த நிறமா, ஊரார் நினைவில் உள்ள நிறமா? அவர் வண்டியின் கையுறைப் பெட்டியில் பாட்டனாரின் குறிப்பேடு ஒன்றைக் கண்டெடுத்திருந்தார். எண்ணெய் மாற்றிய நாள், டயர் மாற்றிய நாள், சென்ற ஊர், ஓடிய தொலைவு என நுணுகிய கையெழுத்தில் இருபத்தாறு ஆண்டுச் செய்திகள் அதில் இருந்தன. வண்டிக்குப் பச்சை பூசிய நாளும் அதில் இருந்தது. மறைக்கப்பட்ட பலகையின் பின்புறத்தில் இளநீலம் அழியாமல் இருந்ததால் அதைக்கொண்டு சாயல் பிடித்து, வெளியே இளநீலம் பூசுவதென்று முடிவாயிற்று. ஆயினும் பெட்டியின் உட்பகுதியில் ஓர் உள்ளங்கை அளவுக்கு மூன்று நிறமும் தெரியும்படி விடப்பட்டது. பதிப்புலகம் பாடபேதம் காட்டுதல் என்று இதனைக் கூறும்.

ஒரு வடுவின் உரிமை

டிங்கரிங் வேலை நடந்தபோது ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. முகப்பு மூடியின் இடப்புறத்தில், விளக்கை ஒட்டி, ஆழமான ஒரு நசுங்கல் இருந்தது. குறிப்பேட்டில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. டயர் பஞ்சரானதைக்கூட எழுதிய மனிதர் இதை எழுதாமல் விட்டிருந்தார். மேஸ்திரி, “தம்பி, அரை நாள் வேலை. எடுத்துடலாமா?” என்று கேட்டார். இளைஞர்க்கு அதை எடுக்க மனமில்லை. பாட்டனார் கைபட்ட வண்டியில் பாட்டனார் காலத்து வடு இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். அது குறித்துத் தந்தையாரிடம் கேட்டார்.

அன்றுதான் தந்தையார் முதன்முறையாகக் கொட்டகைக்குள் வந்தார். அந்த வடு தம்முடையது என்றார். 1974இல், பதினேழு வயதில், தகப்பனார் உறங்கும்போது சாவியை எடுத்துச் சென்று வாய்க்கால் மதகில் மோதியதை முதன்முறையாகச் சொன்னார். மறுநாள் ஊரார் கேட்டபோது மருத்துவர், தாமே இருட்டில் மோதிவிட்டதாகக் கூறினாராம். மகனை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நசுங்கலைச் சரி செய்யவும் இல்லை. அதன்பின் பதினேழு ஆண்டுகள், அந்த வடுவோடுதான் அவ்வண்டி ஓடிற்று. “திட்டியிருந்தா மறந்திருப்பேன். தினம் காலையில அது முகத்தில முழிச்சேன்” என்றார் தந்தையார். வண்டியை இரும்பு விலைக்குக் கொடுக்க அவர் இசைந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

மகன் நீண்ட நேரம் பேசவில்லை. மூலத்தைக் காப்பது கடமை என்று எண்ணியிருந்தவர்க்கு, யாருடைய மூலம் என்னும் வினா எதிரே நின்றது. அந்த வடு பாட்டனாரின் நினைவுச் சின்னமன்று. தந்தையார் ஐம்பது ஆண்டுகளாகச் சுமந்த சுமை. அதை வைத்திருக்கவோ நீக்கவோ உரிமையுடையவர் தந்தையாரே. “நீங்க சொல்றபடி செய்யலாம்பா” என்றார் மகன். எடுத்துவிடும்படி தந்தையார் கூறினார். நசுங்கலை நான்கு கோணங்களில் படம் எடுத்துக் குறிப்பேட்டின் இறுதிப் பக்கத்தில் ஒட்டினர். மேஸ்திரி சுத்தியலால் தட்ட, தகட்டின் உட்புறத்தில் தாங்கு இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர் தந்தையார். அரை நாளில் முடிய வேண்டிய வேலை அன்று மாலை வரை நடந்தது. படத்தின் கீழ் நாளும் ஆண்டும் இட்டு, நடந்ததைத் தம் கையாலேயே இரண்டு வரியில் எழுதினார். பாட்டனார் விட்ட வெற்றிடம் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் உரியவர் கையால் நிரம்பிற்று.

பதிப்பாசிரியன் இடைவெளியை நிரப்புவது குற்றம் என்று மேலே கூறப்பட்டது. ஆனால் அந்த ஏட்டை எழுத வேண்டியவனே உயிரோடு வந்து நிற்கையில், அவன் கையில் எழுத்தாணியைக் கொடுப்பதே முறையாகும். மரபைக் காப்போர் பலர் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். பொருளைக் காக்கும் ஆர்வத்தில், அப்பொருளோடு வாழ்ந்து வருந்தியவர்களைக் கேட்க மறக்கின்றனர்.

விதிகளும் உலக நெறியும்

உலக அளவில் இத்துறைக்கு நெறிமுறைகள் உண்டு. பழம் ஊர்திகளுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 1966இல் தோன்றியது. 1964இல் கட்டடக் கலைச் சின்னங்களுக்காக வெனிஸ் நகரில் வகுக்கப்பட்ட பட்டயத்தை முன்மாதிரியாகக் கொண்டு, ஊர்திகளுக்கெனத் தூரின் பட்டயத்தை அக்கூட்டமைப்பு 2012இல் ஏற்றது. காத்தல் வேறு, மீட்டமைத்தல் வேறு, பழுது பார்த்தல் வேறு என அது பகுத்துரைக்கிறது. பழைய பொருளை இயன்றவரை நீக்காதிருத்தல், செய்த வேலையைப் பதிவு செய்தல், புதிதாகச் சேர்த்ததை அடையாளம் காணும்படி விடுதல் ஆகியவை அதன் சாரம். பளபளப்பாக்குவதே மீட்டமைப்பு என்று எண்ணுவோர்க்கு இது ஒரு நல்ல பாடம்.

இந்தியாவில் 2021 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாத இருசக்கர, நான்கு சக்கர ஊர்திகள் பழம் ஊர்திகள் எனத் தனியே பதிவு பெறலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். முன்பே பதிவு பெற்றவை தம் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இவற்றைக் கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்ற நோக்கங்களுக்கன்றி அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ ஓட்டலாகாது.

இங்கே ஒரு தேர்வு நின்றது. பழம் ஊர்தியாகப் பதிந்தால் பெருமை உண்டு. ஆனால் நாள்தோறும் ஓட்ட இயலாது. வழக்கமான பதிவைப் புதுப்பித்தால் தகுதிச் சோதனை உண்டு. அலைச்சலும் செலவும் உண்டு. ஆனால் நினைத்தபோது வண்டியை எடுக்கலாம். குடும்பத்தார் இரண்டாவதையே தேர்ந்தனர். நள்ளிரவில் அழைத்தாலும் ஓடிய வண்டி விழா நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது என்று தந்தையார் கூறியதே இறுதி முடிவாயிற்று. 2023இல் ஆயுத பூசைக்கு முதல்நாள் வண்டி சாலைக்கு வந்தது. அதே வண்டியில் பிறப்பதற்குச் சற்று முன் பயணம் செய்தவர்கள், இப்போது ஐம்பது வயதைக் கடந்தவர்கள், வந்து பார்த்தார்கள். எப்போதோ வாய்க்கால் கரையில் கழன்று விழுந்த சக்கர மூடியை முதியவர் ஒருவர் வீட்டிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார். அதில் அவர் வீட்டார் கோழிக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார்களாம்.

ஓடும் தேர்

அருங்காட்சியகம் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. கோயம்புத்தூரில் 2015 முதல் இயங்கும் ஜி.டி.நாயுடு அறநிலையத்தின் மகிழுந்து அருங்காட்சியகம் மாணவர்க்கு ஒரு கல்விச்சாலை. காட்சிக்குரியது காட்சியில் இருத்தல் நன்று. ஆயினும் தமிழர் தம் மாபெரும் ஊர்தியைக் காட்சிப் பொருளாக நிறுத்திவிடவில்லை என்பதை எண்ண வேண்டும். திருவாரூர் ஆழித்தேர் 1926இல் தீக்கிரையாயிற்று. மீண்டும் செய்து 1930இல் ஓட்டினர். 1948க்குப் பின் நின்ற தேர் 1970இல் மீண்டும் ஓடிற்று. திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனம் செய்த இரும்புச் சக்கரங்களும் நீரியல் தடைக்கருவியும் அதற்குப் பொருத்தப்பட்டன. மரம் புதிது, சக்கரம் இரும்பு, பிரேக் இக்காலத்தது. எனினும் வடம் பிடிப்போர் எவரும் அதை வேறு தேர் என்று சொன்னதில்லை. ஒரே வீதியில், ஒரே நாளில், ஒரே ஊரார் கையால் இழுக்கப்படுவதால் அது அதே தேராக இருக்கிறது.

கவிஞர் பெருமக்களே, யாப்பும் இவ்வாறு மூத்தோர் விட்டுச் சென்ற ஊர்தியே. அதைப் பெற்றுக்கொள்ளும் இளையோர் மூன்று வகையினர். கொட்டகையைத் திறந்து பார்க்காமலே இரும்பு விலைக்குப் போடுவோர் ஒரு வகை. மெருகேற்றித் திண்ணையில் நிறுத்தி, தொடாதே என்று பிறரைத் தடுப்போர் இன்னொரு வகை. மூன்றாம் வகையினர் கையில் கறைபடப் பிரித்துப் பார்ப்போர். எந்த நட்டு எதைத் தாங்குகிறது என்று அறிந்து, தேய்ந்ததை மட்டும் மாற்றி, மாற்றியதை மறைக்காமல், சாலையில் ஓட்டுவோர். வெண்பாவின் தளை எதற்காக என்று பிரித்துப் பார்த்தறிந்த இளைஞன் அதில் இன்றைய பேருந்து நிறுத்தத்தையும் ஏற்றலாம். அறியாமல் புதுப்பொருளை ஏற்றினால், மேடேறும்போது அச்சு முறியும்.

பத்தாண்டு ஓடிய இலக்கிய வட்டத்துக்கும் எண்ணெய் மாற்ற வேண்டிய காலம் இதுவே. மூத்த உறுப்பினர்கள் தம் நினைவுகளை, இனியவற்றோடு கசந்தவற்றையும் சேர்த்து, குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். எழுதாமல் விட்ட இடங்களை இளையோர் தாமாக நிரப்பாமல், உரியவர் இருக்கும்போதே கேட்டறிதல் வேண்டும். சாவியை ஒப்படைக்கும் நாளை மூத்தோர் தள்ளிப்போடாதிருத்தலும் வேண்டும். அடியில் கட்டிய சேம அச்சு எடுக்கப்படாமலே கிடந்தால் அதுவும் துருப்பிடிக்கும். உப்பு வணிகர் அதை அறிந்திருந்தனர் போலும், அச்சை அவர்கள் மரத்தால் செய்தார்கள்.

வட்டம் வளர்க. வாழிய செந்தமிழ்.